வேண்டுமென்றே: ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எத்தனை ஆங்கிலம்?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்தும் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைச் சுற்றியே கேட்கின்றன. ஒருவர் தானே விரும்பி ஒன்றைச் செய்கிறார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

“அவன் வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்தான்” என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் “வில்லிங்லி” என்றும் மீதிப் பேர் “வாலண்டரிலி” என்றும் எழுதுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் “விருப்பத்துடன்” என்றே இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது, ஐயா?
— தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

இரண்டுமே தவறு, அம்மா. அங்கே வர வேண்டியது “டெலிபரேட்லி” அல்லது “ஆன் பர்பஸ்”. அகராதி தரும் தமிழ்ப் பொருளை மனப்பாடம் செய்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பொருளை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே என்ன நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

“வாலண்டரி”க்கு எதிரே நிற்பது கட்டாயம். யாரும் சொல்லவில்லை, எந்த விதியும் வற்புறுத்தவில்லை, ஆனாலும் செய்தான் என்றால் வாலண்டரி. “வில்லிங்”குக்கு எதிரே நிற்பது தயக்கம், முகச்சுளிப்பு. வில்லிங் என்றாலே எதிரில் ஒரு வேண்டுகோளோ வேலையோ இருக்கிறது. அதற்கு மனம் இணங்கியது என்று பொருள். “இன்டென்ஷனல்” என்பதன் எதிர்ப்பக்கம் கைதவறியது, எதேச்சையாக நடந்தது. “டெலிபரேட்” என்பதன் எதிர்ப்பக்கம் யோசிக்காமல் சட்டென்று செய்தது. அதன் லத்தீன் வேருக்குள் தராசைக் குறிக்கும் “லீப்ரா” என்ற சொல் இருக்கிறது. ஒரு தட்டில் இதையும் மறு தட்டில் அதையும் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்வது என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். கரும்பலகையைத் துடைக்கச் சொன்னதும் சிரித்த முகத்தோடு எழுந்து வருகிற பிள்ளை வில்லிங்லி துடைக்கிறது. யாரும் சொல்லாமல் தானே எழுந்து துடைத்தால் வாலண்டரிலி. அடுத்த பாடத்துக்கு எழுதி வைத்ததைத் துடைத்துவிட்டால் ஆசிரியர் திணறுவார் என்று கணக்குப் போட்டுத் துடைத்தால் டெலிபரேட்லி. துடைத்தது மூவருமே, செயலும் ஒன்றே.

இரண்டு சொற்கள் பிரிந்து நிற்கும் இடத்தையும் காட்டிவிடுங்கள். கட்டாயம் போயே ஆக வேண்டிய முகாமுக்கு ஒரு மாணவி துள்ளிக்கொண்டு போகிறாள்: வில்லிங் உண்டு, வாலண்டரி இல்லை. ஊசியைக் கண்டாலே கை நடுங்குகிற ஒருவர் யாரும் அழைக்காமல் ரத்தம் கொடுக்க வந்து நிற்கிறார்: வாலண்டரி உண்டு, உள்ளுக்குள் தயக்கமும் உண்டு. ரத்த தானத்துக்கு “வாலண்டரி” என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. காசு வாங்குகிறவரும் வில்லிங்காகத்தானே கொடுத்தார்? அதனால் அந்தச் சொல் அங்கே போதாது.

கண்ணாடிக்கு வருவோம். “வாலண்டரிலி உடைத்தான்” என்றால், உடைக்க வேண்டிய கண்ணாடி ஒன்று இருந்தது, யாரும் கேட்காமலே அந்த வேலையை ஏற்றுக்கொண்டான் என்பதுபோல் ஆகிவிடும். வாலண்டரிலி, வில்லிங்லி இரண்டிலும் நல்ல வாடை வீசும். குற்றம் சாட்டும் வாக்கியத்தில் அவை ஒட்டாது.

“ஆன் பர்பஸ்” என்பதற்கு “வான்டட்லி” என்று எழுதினேன். தேர்வில் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?
— கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

உங்கள் ஊரில் மட்டுமல்ல. சென்னையிலும் திருச்சூரிலும் திருப்பதியிலும் பேசுகிறார்கள். ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கில வழக்கில் அந்தச் சொல் கிடையாது.

அது எப்படிப் பிறந்திருக்கும் என்பதை நம் மூன்று மொழிகளையும் பக்கத்தில் வைத்தால் ஊகிக்கலாம். தமிழில் “வேண்டும் என்றே” செய்தான். மலையாளத்தில் “வேணமென்னு வெச்சு” செய்தான். தெலுங்கில் “காவாலனி” செய்தான். மூன்றிலும் “வேண்டும்” என்ற பொருள்தான் அடியில் இருக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு நகர்த்தி “வான்ட்” என்ற வினையின் வாலில் இரண்டு விகுதியைச் சேர்த்தால் “வான்டட்லி” வந்துவிடும். தென்னிந்திய மூளையில் இயல்பாகவே முளைத்த சொல், பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். தேர்விலும் விண்ணப்பத்திலும் “டெலிபரேட்லி” என்றோ “ஆன் பர்பஸ்” என்றோ எழுதுங்கள்.

ஒலியில் நெருங்கி வரும் “வான்டன்லி” என்ற சொல்லோடு இதைக் குழப்பிவிடாதீர்கள். அது உண்மையான ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் “பயிற்றப்படாத, அடக்கமற்ற” என்ற பொருளில் இருந்து வந்தது. காரணமே இல்லாமல் அழிம்பு செய்வதை, விளைவைப் பற்றிக் கவலையே படாமல் சீண்டுவதை அது குறிக்கும். கலவரம் மூட்டும் நோக்கத்தோடு சீண்டுவதைப் பற்றிய சட்டப் பிரிவில் அந்தச் சொல்தான் இருக்கிறது.

இன்னொன்று: “பர்பஸ்லி” என்றால் வேண்டுமென்றே. “பர்பஸ்ஃபுலி” என்றால் குறிக்கோளோடு, உறுதியோடு. “பர்பஸ்ஃபுலி தாமதமாக வந்தான்” என்று எழுதினால் பொருள் கெட்டது.

“டெலிபரேட்” என்பதை எப்படி உச்சரிப்பது?
— வாசகர், கோவிந்தாபுரம்

இரண்டு விதம். வினைச்சொல்லாக, கூடி ஆலோசிப்பது என்ற பொருளில் வந்தால் கடைசியில் “ரேட்” என்று நீளும். பெயரடையாக, வேண்டுமென்றே செய்த என்ற பொருளில் வந்தால் கடைசி அசை சுருங்கி “டிலிபரட்” என்று முடியும். இந்தப் பெயரடைக்கு நிதானமான, அவசரமில்லாத என்ற பொருளும் உண்டு. ஒரு பெரியவர் “டெலிபரேட்” ஆக நடந்தார் என்றால் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தார் என்று பொருள். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. “இன்டென்ஷனல்” என்ற சொல்லை அந்த இடத்தில் போட முடியாது.

அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார். தமிழில் எழுதிய வரைவில் “மனப்பூர்வமாக” என்று இருக்கிறது. அதை மலையாள ஒழிமுறியில் (விடுதலைப் பத்திரத்தில்) “மனப்பூர்வம்” என்றே எழுதலாமா? ஆங்கிலத்தில் “வில்லிங்லி” போதுமா?
— ஆவண எழுத்தர் ஒருவரின் உதவியாளர், சித்தூர் (பாலக்காடு)

எழுதவே கூடாது. எல்லையில் இருப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். தமிழில் “மனப்பூர்வமாக” என்றால் முழு மனதோடு, உள்ளன்போடு. மலையாளத்தில் “மனப்பூர்வம்” என்றால் வேண்டுமென்றே, தெரிந்தே. “மனப்பூர்வம் சம்மதித்தேன்” என்று தமிழர் சொல்வதற்கும், “மனப்பூர்வம் செய்ததல்ல” என்று மலையாளி மன்னிப்புக் கேட்பதற்கும் நடுவே மலையளவு தூரம். ஒழிமுறியில் உங்களுக்கு வேண்டியது “ஸ்வமனஸ்ஸாலெ” அல்லது “பூர்ண மனஸ்ஸோடெ”. தெலுங்கில் எழுத நேர்ந்தால் “மனஸ்ஃபூர்த்திகா” என்பது முழு மனதோடு என்ற பொருளைத் தரும். “உத்தேச பூர்வகங்கா” என்பது வேண்டுமென்றே என்று ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் “வில்லிங்லி” மட்டும் போதாது. அது மனநிலையைச் சொல்கிறது. கட்டாயம் இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சம்மதம் எப்போது தடையற்றது என்று சொல்கிறது: வற்புறுத்தல், முறையற்ற செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை ஆகியவற்றால் விளைந்ததாக இருக்கக் கூடாது. அதனால்தான் ஆவணங்களில் “சொந்த விருப்பத்தின்படி, எவ்வித வற்புறுத்தலும் முறையற்ற செல்வாக்கும் இன்றி” என்று நீட்டி எழுதுகிறார்கள். அலங்காரம் என்று நினைத்துச் சுருக்கிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது 13ஆம் பிரிவு. இரு தரப்பும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அது சம்மதம். அக்காவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்றால், ஆவணம் முழுவதும் அவருக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்ட பிறகே கையொப்பமிட்டார் என்ற வரி ஆவணத்தில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டியவரே சாட்சியாகவும் கையெழுத்திடுவது நல்லது. அக்கா வயதானவர், நோயாளி, தம்பியின் பராமரிப்பிலேயே இருக்கிறார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முதுமையாலோ நோயாலோ மனத்திறன் தளர்ந்தவரிடம் செல்வாக்குச் செலுத்தும் நிலையில் ஒருவர் இருப்பதாகச் சட்டமே எடுத்துக்கொள்ள 16ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிப்பட்டவர் வெளியாள் ஒருவரிடம், முடிந்தால் தனியே ஒரு வழக்கறிஞரிடம், பேசிய பிறகு எழுதிக்கொடுப்பதே பின்னாளில் நிற்கும்.

மலையாளப் பத்திரிகைகளில் “மனப்பூர்வமல்லாத்த நரஹத்ய” என்று வருகிறதே, அது விபத்தா, கொலையா?
— சட்ட மாணவி, பாலக்காடு

கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 105. பத்திரிகைத் தொடரை அப்படியே பெயர்த்தால் “வேண்டுமென்றே செய்யாத ஆட்கொலை” என்று வரும். படிப்பவர் கைதவறி நடந்தது என்று நினைத்துக்கொள்வார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிரிவின் முதல் பகுதியே, மரணம் விளைவிக்கும் நோக்கத்தோடு செய்த செயலையும் உள்ளடக்குகிறது. கடுமையான, திடீர்ச் சீண்டலால் தன்வசம் இழந்து ஒருவர் வெட்டிவிட்டால், கொல்லும் நோக்கம் அந்த நொடியில் இருந்திருக்கலாம். ஆனாலும் அது கொலையிலிருந்து விலக்குப் பெற வாய்ப்புண்டு. முன்யோசனை இல்லாமல் திடீரென மூண்ட சண்டையில், ஆவேசத்தில், நியாயமற்ற சாதகம் எடுத்துக்கொள்ளாமல் நடந்ததற்கும் விலக்கு உண்டு.

“இன்டென்ஷனல்” வேறு, “டெலிபரேட்” வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நோக்கம் ஒரு நொடியில் பிறந்துவிடும். தராசில் வைத்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரம் இருந்ததா என்பதில்தான் ஒருவருடைய தலைவிதியே தொங்குகிறது. மலையாளத்தில் “கருதிக்கூட்டி” என்ற அழகான சொல் இருக்கிறது. முன்கூட்டியே எண்ணித் திட்டமிட்டு என்ற பொருளைச் சரியாகப் பிடிக்கிறது. தேர்வில் “டெலிபரேட்”டை மலையாளத்தில் விளக்க வேண்டி வந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எஃப்.ஐ.ஆரில் “வாலண்டரிலி காசிங் ஹர்ட்” என்று எழுதியிருக்கிறார்கள். அடித்தவர் தொண்டு செய்ததுபோல் அல்லவா இருக்கிறது?
— வாசகர், மீனாட்சிபுரம்

முதல் பதிலில் சொன்னதற்கு இது நேர்மாறாகத் தோன்றும். இங்கே “வாலண்டரிலி” சட்டம் தனக்கென்று பொருள் வகுத்துக்கொண்ட சொல். பழைய சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதியதில் 2ஆம் பிரிவின் 33ஆம் உட்பிரிவு. ஒரு விளைவை உண்டாக்கும் நோக்கத்தோடு செய்தாலும் சரி, அந்த விளைவு வரக்கூடும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ செய்தாலும் சரி, “வாலண்டரிலி” உண்டாக்கியதாகவே கொள்ளப்படும்.

சட்டமே தரும் எடுத்துக்காட்டு: பெரிய நகரத்தில் ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு, கொள்ளையடிக்க வசதியாக, ஒருவன் இரவில் தீ வைக்கிறான். ஒருவர் இறந்துபோகிறார். கொல்வது அவன் நோக்கமல்ல, இறந்ததற்காக வருந்தவும் செய்யலாம். ஆனாலும் மரணம் நேரக்கூடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், மரணத்தை வாலண்டரிலி விளைவித்தவன் ஆகிறான்.

உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால்: படிக்கட்டில் வழிமறித்து நின்ற பெரியவரை, வழி கிடைத்தால் போதும் என்று ஒருவர் தள்ளிவிடுகிறார். காயப்படுத்துவது நோக்கமில்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். படியில் தள்ளினால் விழுவார், அடிபடும் என்று நம்பக் காரணம் இருந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆகவே இந்தத் தொடரை “தானாக முன்வந்து காயப்படுத்துதல்” என்று பெயர்க்கவே கூடாது. தமிழ்ச் சட்ட நூல்களில் “தன்னிச்சையாகக் காயம் விளைவித்தல்” என்று காண்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

“தன்னிச்சை” என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எது சரி?
— பத்தாம் வகுப்பு மாணவன், வண்ணாமடை

சொல் ஒன்று, பொருள் மூன்று, தம்பி. “மக்கள் தன்னிச்சையாகத் திரண்டார்கள்” என்றால் யாரும் ஏவாமல் எழுந்த கூட்டம், “ஸ்பான்டேனியஸ்”. “தலைவர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்” என்றால் யாரையும் கேட்காமல், மனம் போனபடி, “ஆர்பிட்ரரி”. உயிரியல் பாடத்திலும் சட்டத்திலும் வரும்போது “வாலண்டரி”.

உயிரியலில் இதற்கு எதிராக நீ படிக்கும் “அனிச்சைச் செயல்” நல்ல சொல்லாக்கம். இச்சை இல்லாதது அனிச்சை. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை, மூளை முடிவெடுக்கக் காத்திராமல் தண்டுவட வழியாக வந்த கட்டளையிலேயே விலகிவிடுகிறது. ஆனால் “வாலண்டரி”யும் “இன்வாலண்டரி”யும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்று நினைத்துவிடாதே. ஆக்ஸ்ஃபோர்டில் மெய்யியல் கற்பித்த ஜே. எல். ஆஸ்டின் 1956இல் இதைச் சுட்டிக்காட்டினார். வாலண்டரியின் எதிரே நிற்பது நிர்ப்பந்தம். இன்வாலண்டரியின் எதிரே நிற்பது வேண்டுமென்றே செய்வது. விக்கல் இன்வாலண்டரி. பொய்யாக விக்கினால் அதை “டெலிபரேட்” என்போம், “வாலண்டரி விக்கல்” என்று யாரும் சொல்வதில்லை.

செய்தியில் “நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது” என்று வருவதும் இதே குடும்பம். மலையாளத்தில் “ஸ்வமேதயா”. ஆங்கிலத்தில் “வாலண்டரிலி” என்று எழுதாதே. இந்திய வழக்கில் “சுவோ மோட்டு”.

கொப்பரை மூட்டையில் “ஸ்பான்டேனியஸ்” என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அதற்கும் மனிதன் விரும்பிச் செய்வதற்கும் என்ன தொடர்பு?
— கொப்பரை வியாபாரி, கோபாலபுரம்

வெளியிலிருந்து தூண்டுதல் இல்லை என்பதே தொடர்பு. “ஸ்பான்டே” என்ற லத்தீன் சொல்லுக்குத் தன் போக்கில் என்று பொருள். மனிதர்மேல் வந்தால் யாரும் ஏவாதது; பொருள்மேல் வந்தால் யாரும் தீ வைக்காதது. கொப்பரையில் எண்ணெய் இருக்கிறது. ஈரம் போகக் காயாத கொப்பரையை நெருக்கி அடுக்கினால் நுண்ணுயிர்களாலும் காற்றோடு எண்ணெய் வினைபுரிவதாலும் சூடு பிறக்கும். உள்ளே காற்றோட்டம் இல்லாததால் அந்தச் சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போகும். அதனால் கப்பல் சரக்குப் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்ற ஐ.நா. எண்ணும், தானாகப் பற்றக்கூடிய சரக்கு என்ற 4.2 வகுப்பும் கொடுத்திருக்கிறார்கள். நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, வரிசைக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரிகிறது என்றால் உடனே பிரித்துக் கொட்டிப் பரப்பிவிட வேண்டும்.

கிரிக்கெட் விதியில் “வில்ஃபுலி” என்று ஏன் எழுதுகிறார்கள்? “வில்லிங்லி” என்பதுதானே எளிது?
— விளையாட்டு ஆர்வலர், வாளையாறு

இரண்டும் ஒரே வேர், ஆனால் குணம் வேறு. வில்லிங் இணங்குவது, வில்ஃபுல் முரண்டு பிடிப்பது. செய்யக் கூடாது என்று தெரிந்தும் செய்வதுதான் வில்ஃபுல். ஃபீல்டரைத் தடுத்ததற்கான 37ஆம் விதியும், பந்தை இரண்டு முறை அடித்ததற்கான 34ஆம் விதியும் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. எறிந்த பந்து ஓடிக்கொண்டிருந்தவர் முதுகில் பட்டதாலேயே அவர் அவுட் இல்லை. பந்தின் பாதைக்கு வேண்டுமென்றே குறுக்கே போனாரா என்பதை நடுவர் பார்க்க வேண்டும்.

வங்கி நோட்டீஸில் வரும் “வில்ஃபுல் டிஃபால்டர்” இதே பொருள்தான். கட்ட வசதி இருந்தும் கட்டாதவர், வாங்கிய கடனை வேறு வழிக்குத் திருப்பியவர் ஆகியோருக்கு ரிசர்வ் வங்கி வைத்த பெயர். 25 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் நிலுவை உள்ளவர்களுக்கே அது பொருந்தும். மழை பொய்த்து விளைச்சல் போனதால் கட்ட முடியாதவர் டிஃபால்டர், வில்ஃபுல் அல்ல.

நான் “வாலண்டரி”யாகத்தானே வேலையை விடுகிறேன். கடிதத்தில் “ரிசைன்” என்று எழுதினால் என்ன, “வாலண்டரி ரிடையர்மென்ட்” என்று எழுதினால் என்ன?
— மத்திய அரசு ஊழியர், நகரி

பெரிய வித்தியாசம் உண்டு; கடிதத்தை இன்னும் கொடுக்காமல் இருந்தால் நிறுத்தி வையுங்கள். இரண்டுமே கட்டாயமில்லாமல் நீங்களே எடுக்கும் முடிவு. அந்த அளவில் இரண்டும் வாலண்டரி. ஆனால் மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் கழிந்துபோகும். முறையான அனுமதியோடு இன்னொரு அரசுப் பணியில் சேர்வதற்காக விலகுவது போன்ற சில நிலைகளுக்கே விலக்கு. விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு தகுதிப் பணி முடிந்திருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். அப்படிப் போனால் ஓய்வூதிய உரிமை நிற்கும்.

ஆகவே “என் சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன்” என்று எத்தனை உருக்கமாக எழுதினாலும், அந்த “விருப்பம்” ராஜினாமாவை விருப்ப ஓய்வாக மாற்றாது. உங்கள் பணிப்பதிவேட்டில் தகுதிப் பணி எத்தனை ஆண்டு என்று அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். 20 நிறைந்திருந்தால், எந்த விதியின் கீழ் விருப்ப ஓய்வு கோருகிறீர்கள் என்பதையும், முன்னறிவிப்பு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, கொடுத்ததற்கு நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.